லைட்டை 'ஓப்பன்' பண்ணினால் உங்களுக்கு என்ன சிரிப்பு?

அந்த வீடியோவை நேற்றிலிருந்து எத்தனை பேர்தான் பகிர்வீர்கள்! 'ஓப்பன் தி லைட்' என்று ஒரு சீனப் பெண் சொல்லிவிட்டாராம். கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். சொன்னது இங்கிலீஷில் தப்புதான். ஆனால் முட்டாள்தனம் இல்லை.

சீனத்தில் 'கை' என்று ஒரு வினை. நம் கையேதான், கொஞ்சம் மூச்சுக்காற்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய எழுத்தில் ஒரு கதவு, தாழ்ப்பாள், அதை நீக்கும் இரண்டு கைகள். (எளிமைப்படுத்திய எழுத்தில் கதவையே தூக்கிவிட்டார்கள்!) கதவைத் திறக்க, லைட் போட, கார் ஓட்ட, மீட்டிங் நடத்த, டாக்டர் மருந்து எழுதித் தர, பூ மலர எல்லாவற்றுக்கும் இந்தக் 'கை'தான். 'ஓப்பன்' என்றால் 'கை' என்று மனப்பாடம் செய்தவர் லைட்டை ஓப்பன் பண்ணாமல் வேறென்ன செய்வார்? 'க்ளோஸ் தி லைட்' வருவதும் இப்படித்தான்.

"பேச வந்தால் ஒழுங்காகப் படித்துவிட்டு வரட்டுமே" என்பீர்கள். இங்கிலீஷ் மட்டும் ஒழுங்கா? கடை திறந்திருந்தால் 'ஓப்பன்', மூடியிருந்தால் 'க்ளோஸ்ட்'. ஒன்றுக்கு வால் இல்லை, மற்றதற்கு உண்டு. அதனால்தான் இங்கிலீஷ் கற்கிறவர்கள் 'ஷாப் இஸ் ஓப்பன்ட்' என்கிறார்கள். அதைத் திருத்தினால், திருத்தியதை நம்பி 'ஷாப் இஸ் க்ளோஸ்' என்கிறார்கள். ஆளைப் பற்றிப் பேசினால் இன்னும் வம்பு. கலகலப்பானவர் 'கைலாங்'. 'கைஃபாங்' என்றால் பாலியல் விஷயத்தில் தாராளம் என்ற தொனி வந்துவிடும். 1978இல் சீனாவில் தொடங்கிய பொருளாதாரத் திறப்புக்கும் அதே கைஃபாங்தான். 'ஷீ இஸ் வெரி ஓப்பன்' என்று யாரோ நல்லெண்ணத்தில் பாராட்டினால், கேட்கிற சீனர் எதை எடுத்துக்கொள்வார்?

சொல்லித்தரத் தெரிந்தவர்கள் 'ஓப்பன்' என்பதைத் தனியாகத் தருவதில்லை. லைட், டிவிக்கு 'டர்ன் ஆன்', காருக்கு 'டிரைவ்', மீட்டிங்குக்கு 'ஹோல்ட்', மருந்துக்கு 'பிரிஸ்க்ரைப்' என்று பொருளோடு சேர்த்தே பழக்குவார்கள். மூடியோ கதவோ உறையோ இருந்தால் மட்டும் 'ஓப்பன்'. வங்கிக் கணக்கு இந்த விதிக்குள் வராது, போகட்டும். லைட் தப்பித்துவிடும்.

சிங்கப்பூரில் 'ஓப்பன் தி லைட்' அன்றாடப் பேச்சு. "அது சிங்லிஷ், சிங்கப்பூர் பேச்சு இங்கிலீஷ், அது வேற" என்று ஒருவர் வருவார். ஆமாம், அவர்கள் சொன்னால் ஸ்டைல், இந்தப் பெண் சொன்னால் மீம்.

நாம் லைட்டைத் திறப்பதில்லை, 'போடுகிறோம்'. டீ போடுகிறோம், சண்டை போடுகிறோம், ஓட்டுப் போடுகிறோம். அந்தப் பழக்கத்தில் 'புட் தி ஃபேன்' என்ற நம் பிள்ளைகளைப் பார்த்து வகுப்பே சிரித்ததே, அப்போது எரிந்ததா இல்லையா? அந்த எரிச்சல் மறந்துபோய், கைக்கு ஓர் ஆள் கிடைத்ததும் நாமே சிரிக்கக் கிளம்பிவிட்டோம். தப்பாகச் சொன்னார், சரி. முட்டாள்தனமாகச் சொல்லவில்லை. எத்தனை தடவை எழுதுவது?

"சும்மா ஜாலிக்குப் போட்டோம்" என்று இன்பாக்ஸில் வராதீர்கள். பாருங்கள், அதற்கும் 'போட்டோம்'தான்.