ஆயில் விட வேண்டிய இடத்தில் கிரீஸ் அடிக்காதீர்கள்

கழுவுவதற்காக நேற்றுக் காலை வண்டியைக் கொடுத்தபோது, முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு நிப்பிள்களிலும் (ஆயிலோ கிரீஸோ ஏற்றும் சிறு வாய்கள்) “கிரீஸ் கூடாது, 90 ஆயில் மட்டும்” என்று எழுதிய அட்டைகளைக் கம்பியால் கட்டியே கொடுத்தேன். மாலையில் எடுத்து வந்து பானெட்டைத் திறந்து பார்த்தால், அட்டைகள் கட்டியபடியே தொங்குகின்றன. அவற்றின் மேலேயே புதுக் கிரீஸ் பிதுங்கி வழிந்திருக்கிறது. கேட்டதற்கு, “பழைய வண்டி சார், கிரீஸ் அடிச்சாத்தான் ஸ்டீயரிங் லூசாகும்” என்றார்கள். ஆறு மாத உழைப்பு ஒரு நிமிடத்தில் பாழானதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பாவின் வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்து, 1961 முதல் நம் சென்னையிலேயே, வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் உருவான அதே கார். இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த உடல், 948 சிசி இன்ஜின், முன்பக்கம் முழுவதுமே ஒரே மூடியாக முன்னோக்கிச் சாயும் பானெட். எல்லாவற்றையும்விட அந்தக் காருக்குப் பெயர் வாங்கித் தந்தது அதன் ஸ்டீயரிங்தான். 25 அடி வட்டத்துக்குள் முழு வண்டியும் திரும்பிவிடும். மயிலாப்பூர்ச் சந்துகளில் அப்பா அதை ஒரு கையால் வளைத்துத் திருப்பியதைப் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன் நான். அப்படிப்பட்ட வண்டியைப் பார்த்து, ஸ்டீயரிங் கனமாக இருப்பதுதான் அதன் இயல்பு என்று ஒருவர் சொன்னால் எப்படிப் பொறுத்துக்கொள்வது? எழுபத்தெட்டு வயதில் அப்பா, “இனிமே என்னால பிடிச்சுத் திருப்ப முடியலடா” என்று சாவியை என் கையில் கொடுத்தார். அது அவருடைய வயதின் குறை என்றே நாங்கள் எல்லோரும் நினைத்துவிட்டோம் என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆறாத வருத்தம்.

ஸ்டீயரிங் ஏன் இப்படிக் கனக்கிறது என்று பட்டறை பட்டறையாக ஏறினேன். முதல் பட்டறையில் டயரில் காற்று குறைவு என்றார்கள். இரண்டாவது பட்டறையில் அலைன்மென்ட் பார்த்துவிட்டு, ஸ்டீயரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் டைராடு எண்டுகள் இரண்டையும் மாற்றினார்கள். பணம் போனது, கனம் போகவில்லை. மூன்றாவது பட்டறையில் செய்ததுதான் அநியாயம். நேராகப் போகும்போது ஸ்டீயரிங்கில் இரண்டு விரற்கடை ஆட்டம் இருக்கிறது என்று ரேக்கின், அதாவது ஸ்டீயரிங்கோடு சேர்ந்து பக்கவாட்டில் நகரும் பல் வெட்டிய சட்டத்தின், ஷிம்களை (இடைவெளிக்கு வைக்கும் மெல்லிய தகடுகள்) உருவி எடுத்து இறுக்கிவிட்டார்கள். ரேக்கின் பற்கள் நடுவில்தான் அதிகம் தேயும், ஏனென்றால் வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது; ஓரப் பற்கள் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். தேய்ந்த நடுவுக்கு ஏற்றபடி இறுக்கினால், தேயாத ஓரங்களில் பினியன், அதாவது ரேக்கை நகர்த்தும் சிறு பல்சக்கரம், சிக்கிக்கொள்ளும் என்பது அந்த வேலையைத் தொடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அன்று இரவு அடையாற்றில் ஒரு திருப்பத்தில் வளைத்துவிட்டுக் கையைத் தளர்த்தினேன். தானாகத் திரும்பி நேராக வேண்டிய ஸ்டீயரிங் வளைந்த இடத்திலேயே நின்றுவிட்டது. எதிரே பேருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு கைகளாலும் இழுத்து நேராக்கிய அந்த நொடியை இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது.

இந்த மூன்று இடங்களிலும் ஒருவர்கூட, எந்தப் பகுதி இறுகியிருக்கிறது என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. அதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. இரண்டு முன் சக்கரங்களையும் ஜாக்கியில் தூக்கி, டைராடு எண்டுகளைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்கை மட்டும் சுற்றிப் பார்க்க வேண்டும். அது இலகுவாகச் சுற்றினால் ரேக்கிலும், அதோடு ஸ்டீயரிங்கை இணைக்கும் தண்டிலும் குறை இல்லை. பிறகு சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கையால் பிடித்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். நாலாவது பட்டறையும் கைவிரித்த பிறகு, மூன்றாமவர் உருவிய ஷிம்களை முதலில் திரும்பப் போட்டுவிட்டு, நானே வீட்டு வாசலில் இதைச் செய்தேன். ஸ்டீயரிங் ஒற்றை விரலுக்குச் சுற்றியது. இடது சக்கரமோ, இரு கைகளாலும் தள்ளினால்தான் முனகிக்கொண்டு அசைந்தது.

குறை இருந்தது டிரனியனில். ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள், நட்டுக்குள் போல்ட்டு போல, திருகி நிற்கிறது. நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. மரையின் இடுக்குகளுக்குள் எல்லாம் இறங்க வேண்டும் என்பதற்காகவே அங்கே கியர் ஆயில், அதாவது 90 ஆயில் விடச் சொல்லித் தயாரிப்பாளரின் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. கெட்டியான கிரீஸ் மரையின் அடி வரை போவதில்லை. போன கொஞ்சமும் நாளடைவில் காய்ந்து, புதுக் கிரீஸுக்கும் வழிவிடாமல் அடைத்துக்கொள்கிறது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது, எஃகு துருப்பிடிக்கிறது, அந்தத் துரு வெண்கலத்தை அரம் போல அராவுகிறது. ஒரே இடத்தில் இறுக்கமும் தேய்மானமும் சேர்ந்து வருவது இப்படித்தான்.

நான் கழற்றியபோது அந்தத் தண்டில் இருந்ததைக் கிரீஸ் என்றே சொல்ல முடியாது. தேன்மெழுகு போலக் காய்ந்து, பழுப்பு நிறத்தில், நகத்தால் சுரண்டினால் பாளம் பாளமாக வந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்த பிறகு தெரிந்தது, மரையின் முகடுகள் கத்தி விளிம்பு போலக் கூர்ந்திருந்ததும், அடியில் ஓரிடத்தில் துரு குழி பறித்திருந்ததும். அந்தக் குழியிலிருந்துதான் விரிசல் தொடங்கும். தண்டு அங்கே முறிந்தால் சக்கரம் பக்கவாட்டில் மடிந்து, வண்டி மூக்குக் குப்புற உட்காரும். என் அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்து இந்த வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன், கிரீஸ் அடித்ததற்கான ரசீதுகளைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு.

ஆயில் விட்டால் ஒழுகுகிறது என்று சிலர் காரணம் சொல்கிறார்கள். கொஞ்சம் கசியத்தான் செய்யும். மேல் விளிம்பில் ஆயில் எட்டிப் பார்த்தால்தான் உள்ளே நிறைந்தது என்றே பொருள். கசிந்தால் மறுபடி விட வேண்டும், அவ்வளவுதான். அம்பாசிடருக்கும் லாரிக்கும் அடித்துப் பழகிய கை, நிப்பிளைக் கண்டதும் கிரீஸ் கன்னைத் தேடுகிறது என்பது எனக்குப் புரிகிறது. எழுதிக் கட்டிய பிறகும் படிக்க மறுப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

உதிரி பாகம் தேடிய கதையையும் சொல்லியாக வேண்டும். வலப்பக்கத் தண்டுக்கு வலது மரை, இடப்பக்கத்துக்கு இடது மரை. ஒன்றுக்கு மற்றொன்று சேராது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் கடை கடையாக ஏறினேன். ஒருவர் இரண்டு வலப்பக்கத் தண்டுகளைத் தாளில் சுற்றிக் கொடுத்து, “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்று சத்தியம் செய்தார். ஐந்து மாதம் கழித்து, அக்கம்பக்கத்தில் கழித்துக் கட்டிய ஒரு ஹெரால்டிலிருந்து நல்ல இடது தண்டு கிடைத்தது. அதை மாட்டி, 90 ஆயில் நிரப்பி, சோதித்துப் பார்த்த அன்று அப்பாவை ஓட்டச் சொன்னேன். தெருமுனையில் ஒரே வளைப்பில் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினார். ஒன்றும் பேசவில்லை, சாவியை மட்டும் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

அந்த வேலையின் மேல்தான் நேற்று கிரீஸ் அடித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் மறுபடி கழற்ற வேண்டும், மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும், புதுச் சீல் போட வேண்டும். இனி இந்த வண்டியின் முன்பக்கத்தை என்னைத் தவிர வேறு எவரும் தொடப்போவதில்லை.