தொட்டி கட்டப் பணம் இருக்கு, தண்ணி திறந்துவிடுற ஆளுக்குச் சம்பளம் கொடுக்க இல்லை

அந்த வீடியோவை இதுக்கு மேல யாரும் எனக்கு அனுப்ப வேண்டாங்க. பார்த்தாச்சு. குழாயில தண்ணி வரலைன்னு, ஊராட்சித் தொட்டியிலிருந்து தண்ணி திறந்துவிடுற டேங்க் ஆபரேட்டரை வீதியில நிறுத்தி, மூஞ்சிக்கு நேரா போனைப் பிடிச்சு, "கவர்மெண்டு கோடி கோடியா குடுக்குது, எல்லாத்தையும் தின்னுட்டீங்களா"ன்னு கேக்கறார் ஒருத்தர். அவருக்கு அப்பா வயசு இருக்கும் அந்த மனுஷனுக்கு. கீழே அத்தனை பேரும் கை தட்டியிருக்காங்க. அதுல பாதிப் பேர் படிச்சவங்க, எனக்குத் தெரிஞ்சவங்க. அதனாலதான் இதை எழுதறேன்.

தண்ணி வரலைன்னா கோவம் வரணும். சரிதான். ஆனா யார் மேல வரணும்? ஊராட்சிக்கு மத்திய அரசுப் பணம் வருது. எதுக்குச் செலவு செய்யணும், எதுக்குச் செய்யக் கூடாது, எப்போ வரும், எப்போ நிறுத்துவோம்னு அத்தனையும் டெல்லியில முடிவாகி, அதுக்கப்புறம் வருது. தொட்டியடியில நிக்கிற ஆளுக்கு அதுல ஒரு எழுத்தை மாத்துற அதிகாரம்கூட இல்லை.

கணக்கைப் பாருங்க. மத்திய வரிப்பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் எப்படிப் பிரிக்கறதுன்னு சொல்ற 15வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்குமான அஞ்சு வருஷத்துக்கு நாடு முழுக்க ஊரக உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினது 2,36,805 கோடி ரூபாய். கேக்கப் பெரிய தொகைதான். அதுல 60 சதவீதம் 'டைடு', அதாவது இன்னதுக்குத்தான்னு கட்டிப்போட்டுக் குடுக்கறது. 30 சதவீதம் துப்புரவுக்கு, 30 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, தண்ணி மறுசுழற்சிக்கு. மீதி 40 சதவீதம் 'அன்டைடு', அதாவது ஊருக்கு எது தேவையோ அதுக்கு. ஆனா அதுலயும் சம்பளமும் அலுவலகச் செலவும் கூடாது. இந்த ஒரு வரிதான் எல்லாத்துக்கும் மூலம். தொட்டி கட்டலாம், பைப் பதிக்கலாம், புது மோட்டார் இறக்கலாம். அந்த மோட்டாரைக் காலையில போட்டு, வால்வு திருப்பி, தெருத் தெருவா தண்ணி விடுற ஆளுக்கு அதிலிருந்து சம்பளம் கொடுக்க முடியாது. தறி வாங்கக் கடன் குடுத்துட்டு, தறி ஓட்டறவனுக்குக் கூலி குடுக்கக் கூடாதுன்னு சொல்ற மாதிரி.

அப்போ சம்பளம் எங்கிருந்து வரும்? வீட்டு வரி, தொழில் வரி, மாநில நிதிக்குழு மானியம். அந்த மானியத்துலயும் ஒரு பங்கு கரண்ட் பில்லுக்கும், கூட்டுக் குடிநீர்த் திட்டத்துல வர்ற ஆத்துத் தண்ணிக்குக் குடிநீர் வாரியத்துக்குக் கட்டறதுக்கும் தனிக் கணக்குல போயிரும். சின்ன ஊராட்சியில இது போக மிஞ்சறதுதான் ஆபரேட்டருக்கும் மத்தவங்களுக்கும். இதுல ஒரு தவணை தள்ளிப்போனா அந்த மாசச் சம்பளமும் தள்ளிப்போகும். அந்த மாசமும் அந்த மனுஷன் தண்ணி திறந்துதான் விடுவார்.

நம்ம பக்கத்துக்குன்னே ஒரு கொடுமை இருக்கு. இந்த மானியம் மக்கள்தொகைக்கு 90, பரப்பளவுக்கு 10ன்னு எடை போட்டு மாநிலங்களுக்குப் பிரிக்கப்பட்டது. தலை எண்ணினது 2011ல. திருப்பூரைச் சுத்தி, அவிநாசி, பல்லடம் பக்கம், பெருந்துறை சிப்காட்டைச் சுத்தி இருக்கிற ஊராட்சிகளை யோசிச்சுப் பாருங்க. பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் ஒடிசா, பீகார், ஜார்கண்டுல இருந்து வந்தவங்களும், தெக்கே இருந்து வந்த நம்மாளுகளும் லைன் வீடு லைன் வீடா நிறைஞ்சிருக்காங்க. அவங்க குளிக்கணும், குடிக்கணும், குப்பை போடணும். 2011ல இங்கே இல்லாதவங்க எந்தக் கணக்குலயும் இல்லை. மானியம் அன்னைக்கு இருந்த தலைக்கு, தண்ணி இன்னைக்கு இருக்கிற தலைக்கு.

தொழில் வரி இருக்கேன்னு கேப்பீங்க. அரசமைப்புச் சட்டம் 276வது பிரிவுப்படி ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல போட முடியாது. அந்த உச்சவரம்பு 1988ல வெச்சது. அதுக்கப்புறம் தங்கம், நூல், டீசல், பால்னு ஏறாதது எது? இது மட்டும் ஏறலை.

இப்போ மோட்டார் விஷயத்துக்கு வரேன். நம்ம பூமியில போர் ஆயிரம் அடிக்குப் போகுது. அடியில தண்ணி இறங்கிருச்சுன்னா மோட்டார் வெறுமனே ஓடிக் காயில் கருகும். மூணு பேஸ்ல ஒண்ணு விட்டுப்போய், அப்போ மோட்டாரைத் தானா நிறுத்த வேண்டிய பிரிவென்டர் பேனல் போர்டுல வேலை செய்யலைன்னாலும் கருகும். சொந்தத் தோட்டம்னா அன்னைக்கே மெக்கானிக்கைக் கூப்பிட்டு, பைப்பைக் கழட்டி, மோட்டாரைத் தூக்கி, வைண்டிங் கட்டி, ரெண்டு மூணு நாள்ல இறக்கிருவோம். ஊராட்சிக்கு அப்படி இல்லை. ஆபரேட்டர் செயலர்கிட்டச் சொல்லணும். செயலர் ஊராட்சி ஒன்றிய ஆபீசுக்குச் சொல்லணும். எஸ்டிமேட் வேணும், விலைப்புள்ளி வேணும், அனுமதி வேணும். மத்திய மானியத்துல செய்யறதுன்னா அந்த வேலை ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துல ஏறியிருக்கணும், ஊராட்சிக் கணக்குக்குன்னு மத்திய அரசு வெச்சிருக்கிற இ-கிராம்ஸ்வராஜ் இணையதளத்துல பதிவாகியிருக்கணும். வேலை முடிஞ்சதும் அளவுப் புத்தகத்துல பதிஞ்சு, பில் போட்டு, ஒருத்தர் உள்ளிட்டதை இன்னொருத்தர் டிஜிட்டல் கையெழுத்து போட்டு ஒப்புக்கொண்டாத்தான் மெக்கானிக் கணக்குக்குப் பணம் போகும். மோட்டார் கருகினது திட்டத்துல எப்படிங்க முன்கூட்டியே ஏறியிருக்கும்? அதனால நடக்கறது என்னன்னா, உள்ளூர் மெக்கானிக் கடனுக்குச் செய்யறார். போன வேலைக்கே பணம் வராதவர் அடுத்த தடவை வரமாட்டேங்கறார். அந்த வீடியோவுல குழாயில காத்து வந்ததுக்குப் பின்னால இந்த மாதிரி ஒரு கதை இருக்கும்னு ஒருத்தருக்கும் தோணலையா?

பணம் விடறதுக்கான அந்த ரெண்டாவது கையெழுத்து முன்னே ஊராட்சித் தலைவரோடது. நம்ம மாவட்டங்கள்ல ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோட முடிஞ்சு, அரசு நியமிச்ச தனி அலுவலர்கிட்ட, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர்கிட்டப் போச்சு. தமிழ்நாட்டுல 388 ஊராட்சி ஒன்றியத்துக்கு 12,500 வாக்குல ஊராட்சி. சராசரியா ஒரு ஒன்றியத்துக்கு 32. ஒரே வட்டார வளர்ச்சி அலுவலர் அத்தனைக்கும் தலைவர் மாதிரி ஆனார். எந்த ஊர்ல எந்த போர் நின்னிருக்குன்னு அவரு எப்படி நினைவு வெச்சிருப்பாரு? இது போக, தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லைன்னா 15வது நிதிக்குழு மானியமும் கிடையாதுன்னு விதி. 2016 அக்டோபர்ல பதவிக்காலம் முடிஞ்சு, 2019 டிசம்பர் வரைக்கும் தேர்தலே நடக்காம இருந்தப்பவும் மத்திய மானியம் நின்னது. தேர்தல் நடத்தாதது யார்? ஆபரேட்டரா? பணம் நின்னு தாகத்துல கிடந்தது யார்?

"அப்போ மாநில அரசு மேல தப்பே இல்லையா"ன்னு வருவாங்க. இருக்குங்க. தேர்தலைத் தள்ளிப்போட்டது மாநிலம்தான், எந்தக் கட்சி இருந்தாலும். அதை மறுக்கலை. ஆனா மாநிலம் செஞ்ச தப்புக்குத் தண்டனையை ஊருக்குக் குடுக்கறது என்ன நியாயம்?

"ஊராட்சியில திருட்டே நடக்கலையா, கட்டுப்பாடு வேண்டாமா"ங்கறது அடுத்தது. நடக்குது. கட்டுப்பாடு எப்படி வேலை செய்யும்னு உகாண்டாவைப் பாருங்க. 1991 முதல் 1995 வரைக்கும் அங்கே மத்திய அரசு பள்ளிக்கூடங்களுக்குன்னு குடுத்த தலைக்கு இவ்வளவு மானியத்துல சராசரியா 13 சதவீதம்தான் பள்ளிக்குப் போய்ச் சேந்துச்சுன்னு ஆய்வுல தெரிஞ்சது. நடுவுல இருந்த மாவட்ட அலுவலகங்கள்லயே மீதி நின்னுருச்சு. அவங்க செஞ்ச வேலை, எந்த மாவட்டத்துக்கு எந்த மாசம் எவ்வளவு அனுப்பினோம்னு செய்தித்தாள்ல போட்டாங்க, பள்ளிச் சுவத்துல ஒட்டச் சொன்னாங்க. அதுக்கப்புறம் போய்ச் சேர்ற பணம் பல மடங்கு ஏறுச்சு. பிலிப்பைன்ஸ்ல 1991 சட்டப்படி உள்ளாட்சிப் பங்கு காலாண்டு முடிஞ்சு அஞ்சு நாளுக்குள்ள தானா போயாகணும், யாரும் பிடிச்சு வைக்கக் கூடாது. அவ்வளவு தூரம் எதுக்கு, வாளையார் தாண்டினாக் கேரளா. எந்த ஊராட்சிக்கு எவ்வளவுன்னு ஊர் ஊரா மாநில பட்ஜெட்டோட இணைப்புலயே அச்சடிச்சுக் குடுக்கறாங்க. திட்டம் போடறப்பவே கையில வரப்போற தொகை தெரியும்.

இங்கேயும் ஒரு நல்ல விதி இருக்கு, சொல்லாம விடக் கூடாது. மத்திய மானியம் மாநிலத்துக்கு வந்தா பத்து வேலை நாளுக்குள்ள ஊராட்சிக்கு அனுப்பணும், தாமதமானா மாநிலம் வட்டியோட குடுக்கணும். டெல்லியே தாமதம் செஞ்சா வட்டி யார் குடுப்பாங்க? அதுக்கு விதி எழுதலை.

"நாம வளர்ந்த மாநிலம், ஏழை மாநிலத்துக்கு விட்டுக்குடுத்தா என்ன"ன்னு ஒரு நண்பர். விட்டுத்தாங்க குடுக்கறோம். 15வது நிதிக்குழு மாநிலங்களுக்குப் பிரிச்ச வரிப்பங்குல நமக்கு 4.079 சதவீதம். வரிக்கு மேல செஸ், சர்சார்ஜ்னு டெல்லி வசூலிக்கறது அந்தப் பங்குக்குள்ளயே வராது. இதுக்கு நாம சண்டைக்குப் போகலை. ஆனா கையெழுத்து போட்டாத்தான் காசுன்னு சொல்றப்பத்தான் வலிக்குது. 2024-25ல சமக்ர சிக்ஷாங்கற மத்திய பள்ளிக் கல்வித் திட்டத்துல நமக்கு வரவேண்டிய 2,152 கோடியை, பி.எம். ஸ்ரீங்கற மாதிரிப் பள்ளித் திட்டத்தோட ஒப்பந்தத்துல மாநிலம் கையெழுத்து போடலைன்னு நிறுத்தி வெச்சாங்க. மாநிலம் 2025 மேல வட்டியோட 2,291 கோடி கேட்டு உச்ச நீதிமன்றம் போச்சு. ஒப்பந்தத்துல இருந்தது கொள்கைச் சண்டை, அதைப் பெரியவங்க பேசித் தீர்த்துக்கட்டும். சிறப்பாசிரியர் சம்பளமும், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான செலவும் அந்த நிதியிலதானே? அந்தக் குழந்தை எந்த ஒப்பந்தத்துல கையெழுத்து போடாம விட்டுச்சு? நம்ம வரியை நமக்கே குடுக்கறதுக்கு, வாசல்ல நின்னு கேக்கற மாதிரி ஆக்கி வெச்சிருக்காங்க. அதைக் கேக்கத் துணியாம, டேங்க் ஆபரேட்டரைப் பிடிச்சு உலுக்கறோம்.

நெசமாவே கணக்கு வேணும்னா இ-கிராம்ஸ்வராஜ் தளத்துக்குப் போங்க. மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, நிதியாண்டுன்னு தேர்ந்தெடுத்தா வரவு, செலவு, என்னென்ன வேலை திட்டத்துல இருக்குன்னு போன்லயே தெரியும். அதை அச்செடுத்துட்டு கிராம சபைக்குப் போங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. டைடுல குடிநீருக்கு வந்தது எவ்வளவு, அதுல பராமரிப்புக்கு எவ்வளவு, மாத்து மோட்டார் ஒண்ணு வாங்கி வைக்கறதை அடுத்த திட்டத்துலயே ஏத்துவீங்களான்னு கேளுங்க. ஊருக்குள்ள இருக்கிற கம்பெனிகள் எத்தனை பேருக்குத் தொழில் வரி கட்டுது, உள்ளபடி எத்தனை பேர் வேலை செய்யறாங்கன்னும் கேளுங்க. கேட்டது தீர்மானப் புத்தகத்துல ஏறுற வரைக்கும் எந்திரிக்காதீங்க.