கட்டளை போய்விட்டது என்பதும் வேலை முடிந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல

சென்ற மாதம் அம்மா மருந்துக் கடையில் 640 ரூபாய்க்கு மாத்திரை வாங்கிவிட்டுக் கைபேசிச் செயலியில் பணம் செலுத்தினார். ரகசிய எண்ணை இட்ட பிறகு திரையில் ஒரு வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. கடைக்காரரின் மேசைமேல் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டி, பணம் வந்ததாக அறிவிக்கவில்லை. வரிசையில் நான்கு பேர் காத்திருந்தார்கள். அம்மா முந்தைய திரைக்குப் போய் மறுபடியும் அனுப்பினார். மாலையில் கணக்கைப் பார்த்தபோது 1,280 ரூபாய் போயிருந்தது. தெரிந்த கடைதான் என்பதால் மறுநாளே 640 ரூபாய் திரும்பக் கிடைத்துவிட்டது. என்னைத் தூங்கவிடாமல் செய்தது அம்மா சொன்ன வார்த்தை: "எனக்குத்தான்டா இதெல்லாம் வரல. இனிமே காசாவே குடுத்துடறேன்."

28 ஆண்டுகள் தையல் கடை நடத்தியவர் அவர். கால் மிதி, கைச் சக்கரம், நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு, நாடா, பாபின் என்று எத்தனையோ உறுப்புகள் சேர்ந்து இயங்கும் எந்திரத்தைப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓட்டுவார். துணியின் அடிப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் மேல் நூல் தளர்ந்திருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார். தையல் எந்திரம் தன் நிலையைத் தையலிலேயே காட்டிவிடுகிறது. மிதித்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது, பிழை நேர்ந்தால் அது கண்முன்னே கிடக்கிறது. அப்படிப்பட்டவருக்கு ஒரு சுழலும் வட்டம் "உனக்கு வராது" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறது. மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு, இது அம்மாவின் தவறு இல்லை என்று காரணத்தோடு எழுதிவைக்க வேண்டிய கடமை இருப்பதாகத் தோன்றுகிறது.

மனிதர்–கணினி ஊடாட்டம் என்ற துறையில் முதலில் கற்றுத் தரப்படும் கருத்துகளுள் ஒன்று, உளவியலாளர் டொனால்ட் நார்மனும் அவருடைய சகாக்களும் 1980-களில் விளக்கிய இரண்டு இடைவெளிகள். நான் நினைத்ததைச் செய்ய எதை அழுத்த வேண்டும் என்று தெரியாமல் திகைப்பது ஒன்று. அழுத்திய பிறகு உள்ளே என்ன நடந்தது என்று தெரியாமல் திகைப்பது இன்னொன்று. திரை வடிவமைப்பவர்கள் முதலாவதற்குப் பெரும்பாடு படுகிறார்கள். பொத்தானின் நிறம், அளவு, இடம் என்று வாரக்கணக்கில் விவாதிக்கிறார்கள். இரண்டாவதற்கு ஒரு வட்டத்தைச் சுழலவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மனிதர்கள் அதிகம் விழுவது இந்த இரண்டாவது பள்ளத்தில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்கு நான் அறிந்த மிகப் பெரிய சான்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சஸ்குவெஹானா ஆற்றின் நடுவே உள்ள த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28-ஆம் தேதி விடியற்காலை 4 மணியளவில் நடந்தது. இரண்டாவது உலையில் நீரோட்டம் தடைப்பட்டு அழுத்தம் ஏறியது. அதைத் தணிக்க ஒரு வால்வு தானாகத் திறந்தது. அதுவரை எல்லாம் முறைப்படிதான். அழுத்தம் இறங்கியதும் வால்வு மூடிக்கொள்ள வேண்டும். மூடும்படி கட்டளையும் போனது. ஆனால் வால்வு திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையின் பலகையில் அந்த வால்வுக்கென இருந்த விளக்கோ அணைந்துவிட்டது. விளக்கு அணைந்தால் வால்வு மூடிவிட்டது என்றே அங்கிருந்தவர்கள் புரிந்துகொண்டார்கள். உண்மையில் அந்த விளக்கு வால்வு இருக்கும் நிலையோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை. வால்வுக்குப் போகும் மின் கட்டளையோடுதான் இணைக்கப்பட்டிருந்தது.

இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக உலையைக் குளிர்விக்கும் நீர் அந்த வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கை ஒலிகளும் விளக்குகளும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்த அறையில், வால்வு மூடியிருக்கிறது என்ற நம்பிக்கையை வைத்துக்கொண்டு மற்ற அளவீடுகளை விளங்கிக்கொள்ள முயன்றவர்கள், உலையில் நீர் மிகுதியாகிவிட்டது என்று கருதி, அவசரகாலக் குளிர்நீரையும் குறைத்தார்கள். எரிபொருள் இருக்கும் உலையின் மையப்பகுதியில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது. முதலில் எழுந்த குரல் 'உலையை இயக்கியவர்களின் தவறு' என்பதுதான். பிறகு அதிபர் கார்ட்டர் அமைத்த கெமெனி ஆணையம் பயிற்சி, நடைமுறைகள், கட்டுப்பாட்டு அறையின் அமைப்பு ஆகியவற்றின் குறைகளையும் எடுத்துச் சொன்னது. விபத்துக்குப் பின் அந்த அறையை ஆராய அழைக்கப்பட்டவர்களில் நார்மனும் ஒருவர்.

அணு உலையையும் 640 ரூபாயையும் ஒப்பிடுவது சிலருக்கு மிகையாகப் படலாம். விளைவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. பிழையின் வடிவம் ஒன்றேதான். இரண்டு இடத்திலும் எந்திரம் 'கட்டளை அனுப்பினேன்' என்பதை மட்டுமே அறிந்திருந்தது. 'நடந்து முடிந்ததா' என்பது தனக்குத் தெரியாது என்று அது சொல்லவில்லை.

தவறு யாருடையது என்ற கேள்விக்கு இந்தத் துறை இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே ஒரு விடையைக் கண்டிருந்தது. பி-17 குண்டுவீச்சு விமானங்களைப் பத்திரமாகத் தரையிறக்கிய விமானிகள் சிலர், ஓடுபாதையில் இறக்கை மடல்களை உள்ளிழுப்பதற்குப் பதிலாகச் சக்கரங்களை உள்ளிழுத்து விமானத்தைத் தரையில் மோதவிட்டார்கள். விமானிகளின் பிழை என்றே கோப்புகளில் எழுதப்பட்டது. 1943-இல் அமெரிக்க ராணுவ விமானப் படையின் ஆய்வகத்தில் இருந்த இளம் உளவியலாளர் அல்போன்ஸ் சபானிஸ், அந்த இரண்டு விசைகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே தோற்றத்தில் இருந்ததைக் கவனித்தார். விசைகள் வேறு விதமாக அமைந்த சி-47 விமானத்தின் விமானிகளிடம் இந்தப் பிழை காணப்படவில்லை. சக்கர விசையின் முனையில் ஒரு சிறு ரப்பர் சக்கரத்தையும் மடல் விசையின் முனையில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தினால் இருட்டிலும் கை கண்டுகொள்ளும் என்றார், தவறு நின்றது. இன்றைய பயணிகள் விமானங்களிலும் சக்கர நெம்புகோலின் முனை சக்கர வடிவில்தான் இருக்கிறது.

ஒரு பொருளைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்பதைக் குறிக்கும் பயன்படுதன்மைக்கு ஐஎஸ்ஓ 9241-11 என்ற பன்னாட்டுத் தரம் தரும் வரையறை இன்னாருக்கு, இன்ன நோக்கத்துக்கு, இன்ன சூழலில் என்று கேட்ட பிறகே நினைத்தது சரியாக முடிந்ததா என்ற பலன், சிக்கனம், பயன்படுத்தியவரின் மனநிறைவு ஆகிய மூன்றையும் அளக்கச் சொல்கிறது. குளிரூட்டிய அறையில், வேகமான இணையத்தில், அந்தச் செயலியை எழுதியவரே சோதித்துப் பார்ப்பது அந்தச் சூழல் ஆகாது. பின்னால் நான்கு பேர் நிற்க, கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த ஒருவர் ஒற்றைக் கோடு சிக்னலில் பணம் அனுப்புவதே அம்மாவின் சூழல். எந்திரத்தின் பதில் 0.1 விநாடிக்குள் வந்தால் உடனே நடந்ததாக மனம் கொள்கிறது, 1 விநாடி வரை எண்ண ஓட்டம் அறுபடுவதில்லை, 10 விநாடியைத் தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடுகிறது என்று ராபர்ட் மில்லரின் 1968-ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தழுவிப் பயன்படுதன்மை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் எழுதியது இன்றும் பாடமாக இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் படித்ததுதான். அந்த 10 விநாடிக்குப் பிறகு திரையில் என்ன எழுத வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

ஒரு வகையில் அந்த மருந்துக் கடையின் ஒலிபெருக்கிப் பெட்டி நல்ல வடிவமைப்பு. கடைக்காரர் கண்ணை எடுக்காமல் மாத்திரை எண்ணிக்கொண்டே பணம் வந்ததை அறிகிறார். பணம் கொடுத்தவருக்குத்தான் அத்தகைய குரல் இல்லை.

தமிழில் வரும் திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'சமர்ப்பி' என்று ஒரு பொத்தான். எதை, யாரிடம் என்று அது சொல்வதில்லை. 'பரிவர்த்தனையை ரத்து செய்யவா?' என்ற கேள்விக்குக் கீழே 'சரி', 'ரத்து செய்' என்று இரண்டு பொத்தான்கள். ரத்து செய்ய விரும்புகிறவர் எதை அழுத்துவார்? சொற்களைத் தனித்தனியாக ஒரு பட்டியலில் வைத்து மொழிபெயர்க்கக் கொடுத்துவிட்டு, அவை எந்தத் திரையில் எந்தக் கேள்விக்குக் கீழே வரும் என்று மொழிபெயர்ப்பவருக்குக் காட்டாமல் விடுவதன் விளைவு இது. 'ஆம், ரத்து செய்', 'வேண்டாம், தொடர்' என்று எழுத எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை.

பணம் செலுத்துவதற்காக நாங்கள் எழுதும் சிறு செயலியில் இந்த வாரம் அந்தச் சுழலும் வட்டத்தை எடுத்துவிட்டோம். பதில் தாமதமானால் இப்போது மூன்று வரிகள் வரும்: 'உங்கள் கட்டளை வங்கிக்குப் போய்விட்டது. பணம் சேர்ந்ததா என்று இன்னும் தெரியவில்லை. தெரியும்வரை மறுபடி அனுப்ப வேண்டாம்.' இணையத்தை வேண்டுமென்றே மெதுவாக்கி வைத்து, அம்மாவிடம் கைபேசியைக் கொடுத்து, எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்று வரிகளையும் வாய்விட்டுப் படித்தார். பிறகு கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு, பொத்தான் தைக்க எடுத்து வைத்திருந்த சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, பதில் வரும்வரை காத்திருந்தார்.