முன்னேற்றம் முழங்காலுக்கு வந்துவிட்டது

(பனிச்சரிவில் ஒற்றைப் பலகையில் நின்று சறுக்கும் ஸ்னோபோர்டு பயிற்சியின் மூன்றாம் நாள் மாலை. சேகர் அறைக்குள் வருகிறார். நாற்காலியைப் பார்க்கிறார். சுவரில் சாய்ந்து நின்றுகொள்கிறார்.)

மாலா: உட்காருங்களேன்.

சேகர்: வேண்டாம். காலையிலிருந்து உட்கார்ந்துதான் இருந்தேன்.

மாலா: ஸ்னோபோர்டு பழகப் போனீர்களா, தியானம் பண்ணப் போனீர்களா?

சேகர்: புதிதாகப் பழகுகிறவன் பாதி நேரம் பனியில்தான் உட்கார்ந்திருப்பான். காலைப் பலகையில் மாட்டவும் உட்கார வேண்டும், விழுந்தாலும் உட்கார வேண்டும். அதை விடு. வலி இடம் மாறியிருக்கிறது, தெரியுமா?

மாலா: ஐயையோ, டாக்டரிடம் போகலாமா?

சேகர்: சந்தோஷப்பட வேண்டிய விஷயம்! முதல் இரண்டு நாள் எங்கே வலித்தது?

மாலா: அதை நான் வேறு வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா?

சேகர்: அது குதிகால் விளிம்புப் பாடம். சரிவைப் பார்த்து நின்று, பலகையைக் குறுக்கே வைத்து, குதிகாலை அழுத்தி, பலகையின் அந்தப் பக்க விளிம்பில் சறுக்க வேண்டும். தவறினால் பின்பக்கம். இன்று முழங்கால் வலிக்கிறது. அப்படியென்றால் கால்விரல் விளிம்புக்கு வந்துவிட்டேன்! மலைக்கு முகம், பள்ளத்துக்கு முதுகு.

மாலா: எங்கே போகிறோம் என்று தெரியாமலே போவது. அது உங்களுக்குப் பழக்கம்தானே. சரி, மூக்கில் சிராய்ப்பு எந்தப் பாடம்?

சேகர்: அது பாடம் இல்லை, தண்டனை. குதிகால் விளிம்பில் போகும்போது ஒரு நொடி பலகையைத் தட்டையாக விட்டுவிட்டேன். கீழ்ப்பக்க விளிம்பு பனியைக் கவ்விக்கொண்டது. பலகை நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

மாலா: கையை ஊன்ற வேண்டியதுதானே?

சேகர்: ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். இதில் புதியவர்கள் அதிகம் உடைத்துக்கொள்வதே அதைத்தான். முஷ்டியை மூடிக்கொண்டு முன்கையில் விழு என்கிறார் பயிற்சியாளர். அவ்வளவு யோசிக்க நேரம் இருந்தால் விழாமலே இருந்திருப்பேன்.

மாலா: வேறு என்ன சொல்கிறார்?

சேகர்: எடையை முன்காலில் வை என்கிறார். சரிவைக் கண்டதும் உடம்பு தானாகப் பின்னால் சாய்கிறது. சாய்ந்தால் பலகை திரும்பாது, வேகம்தான் ஏறும். பயந்தால் வேகம் கூடுகிற வண்டியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மாலா: அதில் எது முன்கால்?

சேகர்: இடது முன்னால் நின்றால் ரெகுலர், வலது நின்றால் கூஃபி. அதைக் கண்டுபிடிக்கப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளினார். தடுமாறும்போது எந்தக் கால் முன்னால் வருகிறதோ, அது.

மாலா: எது வந்தது?

சேகர்: இரண்டும் வரவில்லை. அதுதான் என் முதல் வீழ்ச்சி.

மாலா: இதையெல்லாம் யார்தான் கண்டுபிடித்தார்களோ!

சேகர்: 1965-இல் அமெரிக்காவில் ஷெர்மன் பாப்பன் என்பவர், மகள்கள் விளையாடுவதற்காக இரண்டு ஸ்கீ கட்டைகளைச் சேர்த்துக் கட்டினார். அங்கே ஆரம்பித்தது, 1998-இல் ஜப்பானின் நகானோ குளிர்கால ஒலிம்பிக் வரைக்கும் போய்விட்டது.

மாலா: ஒலிம்பிக் போக அதற்கே 33 வருடம் பிடித்திருக்கிறது. உங்களுக்கு என்ன அவசரம்?

சேகர்: நாளைக்கு இரண்டு விளிம்பையும் சேர்க்கப் போகிறேன். குதிகால், விரல், குதிகால், விரல் என்று எஸ் எழுத்து மாதிரி வளைந்து இறங்க வேண்டும்.

மாலா: அப்படியென்றால் நாளைக்கு முன்னாலும் வலிக்கும், பின்னாலும் வலிக்கும்.

சேகர்: (பெருமையாக) ஆமாம்!

மாலா: அப்புறம் எப்படிப் படுப்பீர்கள்?

சேகர்: (யோசித்து) பக்கவாட்டில். ஸ்னோபோர்டில் நிற்பதே பக்கவாட்டில்தானே.