லெ சுஃப்ளேர் கீசர் இல்லைங்க

"லெ சுஃப்ளேரில் பூமிக்குள்ளிருந்து வெந்நீர் பீறிடும், மணிக்கு ஒருமுறை வரும், மொரீஷியஸின் கீசர் அது" என்று மேலே உள்ள பதிவில் எழுதியிருப்பது தவறு. மொரீஷியஸ் கடற்கரைப் பாறையில் உள்ள இந்தத் துளையில் சீறுவது வெறும் கடல் தண்ணீர். எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறையை அலை அடியில் குடைந்து வைத்திருக்கிறது, பெரிய அலை உள்ளே புகும்போது அடைபட்ட காற்றும் நீரும் மேலே உள்ள துளை வழியே சீறிக்கொண்டு வருகின்றன, அவ்வளவுதான். போன வருடம் பெரியம்மா வீட்டாரோடு கரும்புக் காட்டு மண்பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போனோம். சாரல் பட்ட பெரியம்மாவின் மூக்குக்கண்ணாடி காய்ந்ததும் திட்டுத் திட்டாக உப்புப் பூத்திருந்தது. கீசர் என்றால் ஐஸ்லாந்தில் இருப்பது மாதிரி நிலத்தடி நீர் கொதித்து ஆவியோடு எழ வேண்டும்.

இங்கே மணிக்கணக்கும் கிடையாது. கடல் ஏறியிருந்து அலையும் முரடாக இருந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் கட்டிக்கொண்டு போன டால் பூரியைத் தின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பாறை அரித்துப்போனதால் பழைய ஆட்கள் சொல்கிற உயரமும் இப்போது வருவதில்லை.

அப்புறம், அதே பதிவில் "சுடும், தள்ளி நில்லுங்கள்" என்கிறீர்களே, தள்ளி நிற்கச் சொன்னது சரி, காரணம்தான் தவறு. சுடாது, வழுக்கும். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், ரப்பர் செருப்போடு போகாதீர்கள்.