பனையோலைப் பெட்டியில் இரணைமடு அலை

பொருட்களின் மீது புரொஜெக்டரால் காணொளியை வீழ்த்துவது பற்றிய ஒரு கட்டுரையில், கண்காட்சிக்கூடத்தில் வெள்ளைப் பெட்டிகள் மீது அப்படிச் செய்து பார்த்ததைக் கட்டுரையாளர் விவரித்திருக்கிறார். கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் மண்பானை, சில்வர் குடம், பனையோலைப் பெட்டி ஆகியவற்றில் நாங்களும் இதை முயன்றோம். சுண்ணாம்பு பூசிய பானையில் படம் அப்படியே ஒட்டிக்கொண்டது. குடத்தில் ஒளி தெறித்து ஒன்றுமே தெரியவில்லை.

முக்கியமான ஒன்றைக் கட்டுரை தொடவில்லை. புரொஜெக்டரால் முழுக் கறுப்பைக் காட்ட முடியாது. கறுப்பாக விடும் இடமும் மங்கிய சாம்பல் ஒளியாகச் சுவரில் விழும். யன்னல்களைச் சாக்கால் மூடிய பிறகு அது இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. பின்சுவரில் கறுப்புத் துணி தொங்கவிட்டுத்தான் தப்பினோம்.

இந்த உத்தி புதிதுமல்ல. டிஸ்னிலாந்தில் 1969இலேயே மார்பளவுச் சிலைகள் மீது பாடும் முகங்களைத் திரைப்படச் சுருளால் வீழ்த்தியிருக்கிறார்கள்!

பனையோலைப் பெட்டிக்கு வெள்ளையடிக்க எனக்கு மனம் வரவில்லை. பின்னலின் மேலேயே இரணைமடுக் குளத்தின் அலையை ஓடவிட்டோம். ஓலை நனைந்துகொண்டிருப்பது போலவே இருந்தது.