யார் மேல் புகாரோ, அவரே முடித்து வைக்கிறார்

"தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வந்தபோது எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை மூடியைச் சுற்றிக் கருப்பாகத் தண்ணீர் பொங்கிக்கொண்டுதான் இருந்தது. சரி, என்னதான் தீர்த்தார்கள் பார்ப்போம் என்று உள்ளாட்சியின் புகார் செயலியைத் திறந்தால் குறிப்பில் இப்படி இருக்கிறது: "மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளது. நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன் பணி மேற்கொள்ளப்படும்." பக்கத்திலேயே பச்சை எழுத்தில் 'முடிவுற்றது'. ஆதாரத்துக்கு ஒரு போட்டோ வேறு. எங்கள் தெருவே இல்லை அது, எங்கேயோ ரோட்டோரம் ப்ளீச்சிங் பவுடர் தூவி எடுத்த படம்.

மூடிய புகாரைத் திரும்பத் திறக்க வழியில்லை. புதிதாகப் போட வேண்டும், அதற்குப் புது எண், அதுவும் அதே குறிப்போடு முடிவுறும். மாதக் கடைசியில் கணக்கெடுத்தால் ஒரே அடைப்பு பல புகார்களாகவும், அத்தனையும் தீர்ந்த புகார்களாகவும் ஏறியிருக்கும். அதாவது வேலையைச் செய்யாமல் விட விட சதவீதம் ஏறுகிறது! எந்த மகராசன் கண்டுபிடித்த கணக்கோ.

இதற்குப் புகாரை மூடும் ஜே.இ.யை (இளநிலைப் பொறியாளர்) மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. அவர் தலையில் பல வார்டுகள், அடைப்பெடுக்கும் வண்டி எப்போதும் வேறெங்கோ நிற்கிறது, காலிப் பணியிடத்துக்கு ஆள் போடுவதில்லை. ரிவ்யூ மீட்டிங்கில் மேலே இருப்பவர்கள் கேட்பதோ 'பெண்டிங் எத்தனை?' என்ற ஒன்றுதான். தண்ணீர் வடிந்ததா என்று எவரும் கேட்பதில்லை. அப்புறம் அவர் க்ளோஸ் பண்ணாமல் என்ன செய்வார்?

இந்த ஊரில் அளவுகோலுக்கா பஞ்சம்? 2008-லேயே மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் குடிநீர், கழிவுநீர், திடக்கழிவு, மழைநீர் வடிகால் எல்லாவற்றுக்கும் சேர்த்து 28 அளவீடுகள் வகுத்துக் கையேடு போட்டது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், 24 மணி நேரமும் விநியோகம் என்றெல்லாம் அதில் உண்டு (சிரிக்கக் கூடாது). வந்த புகார்களில் 80 சதவீதத்தை 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் உண்டு. ஆனால் கையேடு அதோடு விடவில்லை, உள்ளாட்சிகள் கொடுக்கும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் ஏ முதல் டி வரை தரம் பிரித்தது. புகார்க் கணக்குக்கு ஏ தரம் வேண்டுமானால், வேலை முடிந்தது என்று புகார் கொடுத்தவரே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். இவர்கள் 80 சதவீதத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கையெழுத்தை நைசாகக் கழற்றிவிட்டார்கள்.

அது என்ன செய்ய முடியாத வேலையா? கேஸ் சிலிண்டர் வந்தால் போனுக்கு வந்த எண்ணைச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் டெலிவரி ஆனதாகக் கணக்கு. ரேஷன் கடையில் கைரேகை பதியாமல் ஒரு பை அரிசி வெளியே வராது, விரல் ரேகை தேய்ந்த பாட்டியைக்கூட எத்தனை தடவை அழுத்தச் சொல்கிறார்கள். சாக்கடை அடைப்பு நீங்கியதா என்பதற்கு மட்டும் எங்கள் விரலும் வேண்டாம், எண்ணும் வேண்டாம், அவர்களே சொல்லி அவர்களே டிக் அடித்துக்கொள்வார்கள்.

வசூல் என்று வந்தால் இதே ஆபீஸ் எவ்வளவு துல்லியம் தெரியுமா? 2022-இல் சொத்து வரியை ஏற்றினார்களே, எங்கள் மாதிரி ஊர்களில் வீடு 600 சதுர அடிக்குள் என்றால் 25 சதவீதம், 1,800-ஐத் தாண்டினால் 100 சதவீதம், ஒரு அடி கூடத் தப்பவில்லை.

அதே வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி தினம் என்று பகுதி சபாவும் (அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் குறை பேசும் கூட்டம்) ஆரம்பித்தார்கள். நல்ல விஷயம்தான், நானும் போகிறேன். கடைசியாகப் போன கூட்டத்தில் புகார் தீர்வு சதவீதத்தை வாசித்துவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருந்த அலுவலரிடம், இதில் அதே முகவரியிலிருந்து அதே பிரச்சினைக்கு மறுபடி வந்தவை எத்தனை என்று கேட்டேன். "அந்த ரிப்போர்ட் எல்லாம் சாஃப்ட்வேர்ல வராது சார்" என்றார். வராதாம்! வரி பாக்கிப் பட்டியல் மட்டும் தெரு வாரியாக, கதவு எண் வாரியாக வந்துவிடுகிறது.